பின்பக்க பிரேக் ஷூ சீக்கிரம் தேய்கிறது, உதவி தேவை

மன்னை லோடு: அவசரம். பின்பக்க பிரேக் ஷூ ஒரு சீசன்கூடத் தாங்க மாட்டேன் என்கிறது. குறுவை அறுப்பு நடக்கிறது, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை அடிக்க வேண்டும், வண்டி நின்றால் வாடகை போச்சு. ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் உழைக்க என்ன செய்யலாம்? நல்ல ஷூதான் போட்டேன்.

வெண்ணாறு: எந்த வண்டி? ரெண்டு பக்கமும் தேய்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? எத்தனை சிப்பம் ஏற்றுகிறீர்கள்?

குடந்தை லேத்: ஷூ உள்ளிருந்து அழுத்துகிற டிரம்மில் கோடு விழுந்திருக்கும். அதில் புது ஷூ போட்டால் அரைத்துத் தள்ளிவிடும். லேத்தில் கடைந்து வாங்குங்கள். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் போட்டிருக்கும், அதைத் தாண்டினால் புதுசுதான்.

உப்பளத்தான்: உப்பு ஏற்றுவீர்களா? வேதாரண்யம் பக்கம் டிரம் துருவிலேயே போய்விடும்.

மன்னை லோடு: நாலு சக்கர லோடு வண்டி. உப்பு இல்லை, நெல்தான். இடது பக்கம் மட்டும்.

பழைய ஸ்பேனர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஜோசியம் பார்த்திருக்க வேண்டாம். தம்பி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் ஷூவைக் குறை சொல்லி என்ன பயன்? முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். உரசினால் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது, இல்லை ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறது, இல்லை ஷூவைத் திருப்பி இழுக்கிற ரிடர்ன் ஸ்பிரிங் செத்துவிட்டது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட்டில், ஷூவை அட்ஜஸ்ட் செய்யும் ஓட்டைக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி உண்டு, கழற்றியவர் திருப்பி மாட்டியிருக்க மாட்டார். களத்துக்கு இறங்கும்போது சேற்றுத் தண்ணி அது வழியே போய், வண்டல் உள்ளே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். பிளேட்டில் ஷூ உரசும் இடங்களில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு போதும், லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆரூர் ரைடர்: டிரம்மே அந்தக் காலத்துச் சமாச்சாரம். டிஸ்க் மாற்றுங்கள், தண்ணி பட்டாலும் உடனே காயும்.

பழைய ஸ்பேனர்: மாற்றிவிட்டு ஹேண்ட்பிரேக்குக்கு என்ன செய்வீர்கள்? டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு தானே இழுபட்டு இறுகும், மிதி லேசாக இருக்கும். டிஸ்க்கில் அது கிடையாது. மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கணக்கே மாறிப்போகும்.

ஆரூர் ரைடர்: அப்போ காரில் நாலு பக்கமும் டிஸ்க் வருவது எப்படி சார்?

வெண்ணாறு: அது கம்பெனியிலேயே அப்படிச் செய்து வருவது. 40 கிலோ சிப்பம், எத்தனை ஏற்றுகிறார் என்று இன்னும் பதில் இல்லை, அதற்குள் டிஸ்க்காம்.

உப்பளத்தான்: எங்கள் ஊரில் டிராக்டர் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. அதை யாரும் கேட்க மாட்டீர்கள்.

மன்னை லோடு: தூக்கிப் பார்த்தோம், இடது சக்கரம் சுற்றவே இல்லை. ரப்பர் மூடியும் இல்லை. கேபிள் மாற்றியாச்சு. நன்றிண்ணே, லோடு நிற்கிறது, வருகிறேன்.

குடந்தை லேத்: டிரம்மை அளந்தீர்களா? இத்தனை நாள் உரசியே ஓடியிருக்கிறது, உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதே டிரம்மை மாட்டாதீர்கள். சிலிண்டர் ரப்பரும் வெந்திருக்கும், சிலிண்டர் முனையில் இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஆயில் கசிகிறதா?