தந்தையார் விட்டுச்சென்ற பழைய வால்வுகள்: ஆம்ப்ளிபயரில் போடலாமா, எடுத்து வைக்கலாமா?

குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் கும்பகோணத்துக்கு அருகே பல ஆண்டுகள் மைக் செட் வைத்து, திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் வாடகைக்கு விட்டுவந்தார். அவர் மறைந்த பிறகு பரணிலிருந்து இறக்கியவற்றுள் ஒரு வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிபயரும், ஒரு தகரப் பெட்டி நிறைய உதிரி வால்வுகளும் இருந்தன. ஆம்ப்ளிபயரில் ஒலிபெருக்கியை இயக்கும் இரண்டு இ.எல். 84, அவற்றுக்கு முன்னால் ஒலிக்குறிப்பைப் பெருக்கும் இரண்டு இ.சி.சி. 83, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயராக ஒரு இ.இசட். 81 ஆகிய வால்வுகள் இருக்கின்றன. உதிரிகளை அவர் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டி மூடியில் நீலப் பென்சிலால் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்: “நல்லது”, “தட்டினால் ஓசை”, “மாரியம்மன் கோயில் தேர் அன்று கழற்றியது”.

சில வால்வுகளில் முல்லார்டு என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரும், சிலவற்றில் பெல் என்ற நம் நாட்டு நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது; மூன்றில் எழுத்தே இல்லை. ஓர் இ.எல். 84 வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சுக்குப் பதிலாகப் பால் போன்ற வெண்மை தெரிகிறது. ஆம்ப்ளிபயரை முப்பது ஆண்டுகளாக யாரும் போடவில்லை. நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா? இந்த வால்வுகளில் எவை நல்லவை, எவை பழமைக்காக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவை என்று எப்படி அறிவது?

ஈயப்பற்று எழுதியது:

ஐயா, தயவுசெய்து நேரே மின்சாரம் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் பழைய வால்வுகள் வயதினால் கெடுவதைவிட, அவற்றைச் சுற்றியிருக்கும் கண்டன்சர்களால், அதாவது மின்தேக்கிகளால், கெடுவதே அதிகம். முல்லார்டா, பெல்லா என்ற ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும்; முதலில் அந்த வால்வுகள் உட்காரப்போகும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும்.

எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, அதாவது சீரீஸ் லாம்ப் வழியாக, மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் நலம். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. அடுத்ததாக மின்வழங்கியின் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை மாற்றுங்கள். முப்பது ஆண்டுகள் உறங்கிய கண்டன்சரை நம்பி ஒரு நல்ல இ.இசட். 81 வால்வைப் பலிகொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வால்வை ஒட்டி வரும் முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. பெரியதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று எண்ணிச் சிலர் 220 போட்டுவிடுகிறார்கள். ரெக்டிஃபயர் வால்வு அந்தச் சுமையைத் தாங்காது.

மிக முக்கியமானது கப்ளிங் கண்டன்சர். இ.சி.சி. 83 வால்வின் ஆனோடில், அதாவது நேர்மின் தகட்டில், இருக்கும் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிக்குறிப்பை மட்டும் இ.எல். 84 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருளுக்கு, அனுப்புவது அதன் வேலை. பழைய காகிதக் கண்டன்சர் கசிந்தால் கிரிட் நேர்மின் பக்கம் இழுக்கப்பட்டு, வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை எடுத்து, ஆனோடு தகடு செக்கச்செவேலெனச் சிவந்துவிடும். சோதிப்பது எளிது. இ.எல். 84 இரண்டையும் வைக்காமல், மற்ற வால்வுகளை மட்டும் வைத்து ஓடவிட்டு, அந்த இரண்டு சாக்கெட்டுகளிலும் கிரிட்டுக்கான 2ஆம் முள்ளுக்கும் உலோகச் சட்டமான சேஸிஸுக்கும் இடையே டி.சி. வோல்ட் அளந்து பாருங்கள். சுழியம் வர வேண்டும். இ.எல். 84 இல்லாதபோது உயர் மின்னழுத்தம் வழக்கத்தைவிட ஏறும் என்பதால் அளவை விரைவாக முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். இ.எல். 84 வால்வுகளைச் செருகிய பின், ஒலிபெருக்கி இணைக்காமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்குள் மின்பொறி பாய்ந்து, கிடைப்பதற்கு அரிய அந்தப் பொருளே வீணாகிவிடும்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வால்வுகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

பால் வெண்மையாக இருக்கும் வால்வைத் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே எஞ்சும் வாயுக்களை உறிஞ்சிக்கொள்ள வால்வுக்குள் பேரியத்தை ஆவியாக்கிப் பூசியிருப்பார்கள். அதுதான் அந்த வெள்ளி மினுமினுப்பு. கண்ணாடியில் மயிரிழை அளவு விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பேரியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வெளுத்துவிடும். அதற்கு மருந்தில்லை. பூச்சு சற்றுப் பழுப்பேறியிருந்தால் மட்டும் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

எழுத்தில்லாத மூன்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முல்லார்டின் மேலச்சு ஈரத்துணி பட்டாலே போய்விடும். நான் தொடக்கத்தில் ஓர் இ.சி.சி. 83 வால்வைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அதன் பெயரை என் கையாலேயே அழித்தேன். இன்று வரை அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் கண்ணாடியின் அடிப்பகுதியில், முட்களுக்குச் சற்று மேலே, மங்கலான சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் இருந்தால் படிக்கலாம். இரண்டாம் வரி “பி 2 எச் 4” என்று இருந்தால், பி என்பது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை, 2 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், எச் என்பது எட்டாம் மாதமான ஆகஸ்ட், 4 என்பது வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை உள்ளமைப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் இருந்தால் அது நெதர்லாந்தின் ஹேர்லன். குறியீடு இல்லாமல், முட்களுக்கு நடுவே அடிக்கண்ணாடியில் சாய்சதுரம் அச்சாகியிருந்தால் அது ஜெர்மனியின் டெலிஃபுங்கன். இன்று முல்லார்டு என்ற பெயரில் புதிதாக விற்பவை ரஷ்யாவின் சரட்டோவில் தயாராகுபவை. பெயரை மட்டும் பார்த்துப் பழைய சரக்கு என்று வாங்கிவிட வேண்டாம்.

பெல் வால்வுகளைக் குறைவாக எண்ணாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊர் வானொலிப் பெட்டிகளில் அவை நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பெயர் இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்குவது நியாயமாகாது.

“தட்டினால் ஓசை” என்று உங்கள் தந்தையார் எழுதியது மிகச் சரியான குறிப்பு. உள்ளே கிரிட் கம்பி தளர்ந்து, அதிர்வை ஒலியாக மாற்றுகிறது. மைக் இணையும் முதல் இடத்தில் அதைப் போட்டால், அதற்குப் பிறகு வரும் பெருக்கமெல்லாம் சேர்ந்து மணி அடித்ததுபோல் கேட்கும். இ.எல். 84 வால்வுகளுக்கு நேர் முன்னால் இருக்கும் இடத்தில் அதே வால்வு ஆண்டுக்கணக்கில் அமைதியாக வேலை செய்யும்.

குடந்தைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் மெதுவாகச் செய்தேன். டிரான்ஸ்ஃபார்மர் நலமாக இருந்தது. மின்வழங்கியில் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களைப் போட்டேன். ஒரு சாக்கெட்டின் 2ஆம் முள்ளில் சுழியம் வந்தது. மற்றொன்றில் 4 வோல்ட் இருந்தது. தேர் அன்று கழற்றிய வால்வின் பெட்டியை மறுபடி பார்த்தேன். “சிவந்தது” என்று சிறிய எழுத்தில் மூலையில் எழுதியிருந்தது. அவர் வால்வை மாற்றிவிட்டார். கண்டன்சர் அப்படியே நின்றுவிட்டது போலும். இரண்டு கப்ளிங் கண்டன்சர்களையும் 630 வோல்ட் பாலியெஸ்டராக மாற்றிவிட்டேன்.

இப்போது இரண்டு இ.எல். 84 வால்வுகளின் கேத்தோடுகளுக்கும் (எலக்ட்ரான்களை வெளியிடும் எதிர்மின் முனை) பொதுவான 130 ஓம் ரெசிஸ்டரில் 10.4 வோல்ட் இருக்கிறது. உயர் மின்னழுத்தம் ஏறக்குறைய 310 வோல்ட். கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரில் 6.8 வோல்ட் வருகிறது. இவை சரியான அளவுகளா?

ஈயப்பற்று எழுதியது:

10.4 வோல்ட்டை 130 ஓமால் வகுத்தால் 80 மில்லிஆம்பியர். இது இரண்டு வால்வுகளுக்கும் சேர்த்து. இரண்டாம் கிரிட்டான ஸ்கிரீன் கிரிட் எடுக்கும் பங்கைக் கழித்தால் ஒவ்வோர் ஆனோடுக்கும் சுமார் 36 வரும். 310 வோல்ட்டிலிருந்து கேத்தோடில் நிற்கும் 10 வோல்ட்டைக் கழித்து, மிஞ்சும் 300 வோல்ட்டோடு அந்த 36 மில்லிஆம்பியரைப் பெருக்கினால் 11 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இ.எல். 84 வால்வின் ஆனோடு தாங்கும் எல்லை 12 வாட். ஆகவே கவலையில்லை, ஆனாலும் அறை விளக்கை அணைத்துவிட்டுத் தகடுகளை ஒருமுறை பாருங்கள், எங்கும் செம்மை தெரியக் கூடாது. கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டித் தெரியும் நீல ஒளி இயல்பானது.

ஹீட்டர் அளவுதான் எனக்கு உறுத்துகிறது. 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 6.8 என்பது எட்டு விழுக்காடு மிகை. டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பு 220 வோல்ட் முனையில் இருக்க, உங்கள் வீட்டு மின்சாரம் 240ஐ ஒட்டி வருகிறது என்று நினைக்கிறேன். 240 முனை இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, மாலை நேரத்தில் ஒருமுறை, பின்னிரவில் ஒருமுறை என மீண்டும் அளந்து பாருங்கள். ஹீட்டர் கூடுதல் சூட்டில் ஓடினால் கேத்தோடின் ஆக்ஸைடுப் பூச்சு விரைவில் தீர்ந்துவிடும்.

குடந்தைவாசி எழுதியது:

நீங்கள் நினைத்தது சரி, 220இல்தான் இருந்தது. 240க்கு மாற்றியபின் மாலையில் 6.2, இரவு பதினொன்றுக்கு 6.35. ஓசை வரும் இ.சி.சி. 83 வால்வை இரண்டாம் இடத்தில் வைத்துப் பென்சிலின் ரப்பர் முனையால் தட்டிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்கவில்லை. அதன் அட்டைப் பெட்டியில் தந்தையாரின் குறிப்புக்குக் கீழே, “இரண்டாம் இடத்தில் நன்று” என்று அதே நீலப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.