அம்மாவின் நாக்கு ஓரத்தில் புண், ஒரு மாதமாக ஆறவில்லை

காவிரிக்கரையான்:
அம்மாவுக்கு வயது 58. நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப்பல் படுகிற இடத்தில் புண் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையும் மோருமாகச் சாப்பிடுகிறார், மருந்துக் கடை ஜெல்லும் தடவிப் பார்த்தாயிற்று. முதலில் எரிந்ததாம், இப்போது வலியே இல்லை, அதனால் ஆறுகிறது என்கிறார். எனக்கோ புண் மாறாமல் அப்படியே இருப்பதாகத்தான் தெரிகிறது. இருபது வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறார். டாக்டர் என்றாலே கோபம் வருகிறது. யாரிடம் காட்டுவது?

சேலத்துக்காரி:
எனக்குப் போன வருடம் நாக்கு முழுக்கச் சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது, ரசம் பட்டாலே எரியும், வாய் ஓரமும் வெடித்தது. பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஊசி போட்டபின் சரியானது. அதையும் பாருங்கள்.

பல்மருத்துவர்_மதுரை:
அக்கா சொல்வது சரி, ஆனால் சத்துக் குறைவில் நாக்கு பரவலாகச் சிவக்கும். ஒரே புண் ஒரே இடத்தில் நிற்பது வேறு. சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும், மூன்று வாரம் தாண்டியதைக் கட்டாயம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுக்காதீர்கள் தம்பி, புற்றுப்புண் ஆரம்பத்தில் பல நேரம் வலிக்காது.

உடைந்த பல்லின் கூர்முனை உரசியும் இப்படி வரும், அதைத் தேய்த்துவிட்டால் இரண்டு வாரத்தில் ஆற வேண்டும், ஆறாவிட்டால் சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். புண்ணின் ஓரம் கெட்டியாக இருந்தால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்று நல்ல வெளிச்சத்தில், நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் துடைத்துப் பாருங்கள்: தயிர் மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் அநேகமாகப் பூஞ்சை, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் வரும். துடைத்தும் போகாத வெள்ளையோ சிவப்போ கவனிக்க வேண்டியது. தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்படுகிறதா? வாயில் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடிகிறதா? பாக்கு போடுபவர்களுக்கு உள்கன்னம் நார்போல் இறுகி வாய் திறப்பது குறையும். புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போடலாம் என்று நினைக்க வேண்டாம், 2004-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது.

தென்காசி_மாப்பிள்ளை:
என் மாமனாரும் இப்படித்தான் அடம்பிடித்தார். "பல் குத்துகிறது, ராவிவிட்டு வந்துவிடலாம்" என்று கூப்பிட்டோம், உடனே கிளம்பினார். அது பொய்யும் இல்லையே. வாய் பார்க்கப் பல் டாக்டரே போதும்.

காவிரிக்கரையான்:
பார்த்துவிட்டேன். கடைவாய்ப்பல் உடைந்துதான் இருக்கிறது. ஆனால் புண்ணின் ஓரம் கொஞ்சம் கெட்டி, வாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது. பல் ராவ என்று சொன்னதும் அம்மா சரி என்றுவிட்டார். நாளை காலை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போகிறோம்.