இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள அம்மாவுக்கு எந்த இனக் குதிரை பொருந்தும்?

புதியசவாரி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 57. இளமையில் முறையாகக் குதிரையேற்றம் பயின்றவர். நடுவில் விட்டுப்போன பழக்கத்தை இப்போது ஒரு பயிற்சிக்கூடத்தில் மீண்டும் தொடங்கியிருக்கிறார். அவருக்கென்று ஒரு குதிரை வாங்கித் தர விரும்புகிறேன். எடை 78 கிலோ. வலது இடுப்பு மூட்டில் தேய்மானம் உண்டு. மருத்துவர் சவாரிக்குத் தடை சொல்லவில்லை என்றாலும், அதிகக் குலுக்கல் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். போட்டி எதுவும் இல்லை. காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நிதானமாகப் போய்வந்தால் போதும். அம்மாவின் மனம் அரபுக் குதிரையில் இருக்கிறது. தரகர் ஒருவரோ, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

குளம்படி:
தரகர் சொல்வதை முதலில் விலக்கிவிடுங்கள். பந்தயக் குதிரை வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டது. கடிவாளம் இறுகினால் அதன் மேல் சாய்ந்து ஓடப் பழகிய விலங்கை நிதானமான சவாரிக்குத் திருப்ப, கைதேர்ந்த ஒருவர் பல மாதங்கள் உழைக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து எடைக் கணக்கு. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது பரவலான வழிகாட்டல். அம்மாவோடு 15 கிலோ சேணத்தைச் சேர்த்தால் 93 கிலோ; ஆக ஏறத்தாழ 465 கிலோ எடையுள்ள குதிரை தேவை. அரபு இனத்தில் பல குதிரைகள் 400 கிலோவைச் சுற்றியே இருக்கும். இலேசான சேணம் பூட்டினால் சமாளிக்கலாம். ஆனால் அவ்வினத்தின் கூர்ந்த விழிப்பு, புதரில் ஒரு பறவை அசைந்தாலும் துணுக்குறும் அளவுக்குப் போவதுண்டு.

என் பரிந்துரை குவார்ட்டர் ஹார்ஸ் அல்லது ஹாஃப்ளிங்கர். இரண்டும் பொதுவாக அமைதியானவை. ஹாஃப்ளிங்கர் உயரத்திலும் குறைவு.

நெடுவழி:
குளம்படி அவர்கள் சொன்ன ஹாஃப்ளிங்கரை நான் ஏற்கமாட்டேன். குணத்தில் குறையில்லை, முதுகுதான் சிக்கல். ஹாஃப்ளிங்கர், நார்வேயின் ஃபியோர்ட் போன்ற இனங்கள் உருண்டு அகன்ற உடம்பு கொண்டவை. அதன் மேல் உட்காரும்போது தொடைகள் வெகுவாக விரிய வேண்டும். தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு ஒரு மணி நேரம் அந்த நிலையே வேதனையாகிவிடும். குலுக்கலைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், அகலத்தையும் அதே அளவுக்குக் கவனியுங்கள்.

குலுக்கல் வருவது பெரும்பாலும் துள்ளோட்டத்தில். மூலைவிட்டமாக அமைந்த இரண்டு கால்கள் ஒன்றாக ஊன்றி, அடுத்த இரண்டு ஊன்றுவதற்குள் உடம்பு ஒரு கணம் காற்றில் எழுந்து இறங்குகிறது. அந்த இறக்கம்தான் நம் முதுகெலும்பில் இடிக்கிறது. டென்னசி வாக்கிங் ஹார்ஸ் துள்ளோட்டத்துக்குப் பதிலாக நான்கு கால்களையும் தனித்தனியாக ஊன்றும் விரைநடையில் செல்வதால், எப்போதும் ஏதேனும் ஒரு குளம்பு தரையில் இருக்கும், எழுந்து விழுவது இராது. இந்த இனத்தில் போதிய எடையுள்ள குதிரைகளும் கிடைக்கும். ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட் நடையும் இப்படிப்பட்டதே. எனினும் அதன் எடை பெரும்பாலும் 330 முதல் 380 கிலோதான். பெரியவர்களைச் சுமந்து பழகிய உறுதியான இனம் என்றாலும், உங்கள் கணக்குக்கு அதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். பாசோ ஃபீனோவின் நடை மென்மையானது, குணத்தில் துடிப்பு அதிகம்.

டென்னசி இனத்தை வாங்குவதானால், காட்சிப் போட்டிக்காகக் கால்களை வருத்திப் பழக்கிய குதிரையைத் தவிர்த்து, சாதாரண லாடத்தோடு வழிச்சவாரிக்குப் பழகியதைக் கேளுங்கள்.

புதியசவாரி:
இருவருக்கும் நன்றி. அகலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. டென்னசி இனத்தில் ஆறு வயதுப் பெண் குதிரை ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிகிறேன். பார்க்கலாமா?

லாடக்காரர்:
பாருங்கள், ஆனால் 10 முதல் 16 வயதுக்குள் காயடித்த ஆண் குதிரை ஒன்றையும் தேடிப் பாருங்கள். நல்ல பராமரிப்பில் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்; 14 வயது என்பது முதுமை அன்று. லாரியும் நாயும் மழைச்சட்டையும் பார்த்துச் சலித்த குதிரையே அம்மாவுக்கு ஏற்றது. பெண் குதிரை சினைப்பருவத்தில் மனம் மாறக்கூடும், எல்லாம் அப்படியல்ல என்றாலும். குவார்ட்டர் ஹார்ஸை விட்டுவிடவும் வேண்டாம். அதில் ஒல்லியான உடல்வாகு கொண்டவை உண்டு. இம்பிரெசிவ் என்ற பொலிகுதிரையின் வழிவந்ததாக இருந்தால் மட்டும், தசை நடுக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்கும் பரம்பரைக் கோளாறுக்கான மரபணுச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

எந்த இனமானாலும் விற்பவர் முதலில் ஏறி ஓட்டிக் காட்டட்டும். நீங்கள் அமர்த்தும் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும்போது இரத்த மாதிரி எடுத்து வைத்தால், மயக்க மருந்து கொடுத்துச் சாதுவாகக் காட்டினார்களா என்பதைப் பிறகு அறியலாம். இன்னொன்று: வழக்கமாக இடப்பக்கத்திலிருந்து ஏறுவோம், அப்போது குதிரையின் மேல் தூக்கிப் போட வேண்டியது வலது காலை, அதாவது அம்மாவின் வலிக்கும் பக்கத்தை. உயரமான ஏறுமேடை அருகே, வலப்பக்கத்திலிருந்து ஏறவும் இறங்கவும் அசையாமல் நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல குதிரைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை; பொறுமையான குதிரையானால் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும்.