மறு: ‘மருந்து எதிர்ப்பு’க்குப் பதில் ‘மசியாமை’

வணக்கம். கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதை (ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ்) நம் கையேட்டில் எந்தச் சொல்லால் எழுதுவது என்பது பற்றிய பதில் இது.

> ‘மருந்து எதிர்ப்பு’ பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். அதை ஏன் இப்போது அசைக்க வேண்டும்?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பதிலாக, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலில் புண் ஆறாமல் இருந்தது. சீழை எடுத்துச் சோதித்தபோது எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி, என்று வந்தது. வீட்டில் மருந்தாளர் நான்தான் என்பதால் விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “பென்சிலின் வகை மருந்துக்கு எதிர்ப்பு இருக்கு பெரியம்மா” என்றேன். அவரும் தலையாட்டினார். சில மாதம் கழித்து வேறொரு காய்ச்சலுக்குப் போன இடத்தில், “எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது” என்று சொல்லியிருக்கிறார். அட்டையில் ஒவ்வாமை என்று எழுதிவிட்டார்கள். அப்படி எழுதிவிட்டால் நல்ல, பாதுகாப்பான மருந்துகள் பலவும் ஒருவருக்குக் கிடைக்காமலே போய்விடும். அந்தப் பிழை என் சொல்லிலிருந்து வந்தது.

‘எதிர்ப்பு’ ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி என்றால் உடம்பின் பலம். நுண்ணுயிர் எதிர்ப்பி என்றால் மருந்து. மருந்து எதிர்ப்பு என்றால் கிருமியின் குணம். யார் யாரை எதிர்க்கிறார்கள் என்பது சொல்லில் இல்லை. கேட்பவர் தன் உடம்பைத்தான் நினைத்துக்கொள்வார், அது இயல்பு. மாறியது கிருமி, நோயாளி அல்ல என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

அதனால்தான் ‘மசியாமை’யை முன்வைக்கிறேன். “எத்தனை சொன்னாலும் மசியமாட்டான்” என்று பேசுகிறோம். அடுப்படியில் பருப்பு மசியவில்லை என்கிறோம். மருந்து கொடுத்தும் கிருமி மசியவில்லை என்று சொன்னால் எழுவாய் கிருமிதான், குழப்பமே வராது. மசியாக் கிருமி, மருந்து மசியாமை, பன்மருந்து மசியாமை என்று சொல் தடங்கலின்றி விரியும்.

> ‘மருந்து தாங்கி’ என்று வைத்தால் இன்னும் சுருக்கமாக இருக்குமே?

அக்கா, அதை நான் வேறொன்றுக்குப் பத்திரப்படுத்தி வைக்க விரும்புகிறேன். மருந்து வளர்ச்சியை நிறுத்தியும் சாகாமல் கிடக்கும் கிருமி உண்டு. அது மசியாமை ஆகாது. அதற்குத்தான் ‘தாங்குதல்’ பொருந்தும்.

ஸ்டாஃப் கிருமியிடம் நடப்பதும் மசியாமைதான். அது சுவர் கட்டும் கொத்தனாரை மாற்றிக்கொள்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் பழைய கொத்தனாரின் கையைத்தான் கட்டும். மெக்-ஏ மரபணு தரும் புதுப் புரதம்தான் புதுக் கொத்தனார், அதை அவற்றால் பிடிக்க முடிவதில்லை. மெதிசிலின் புழக்கத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில், 1961இலேயே, இங்கிலாந்தில் இதைக் கண்டுவிட்டார்கள். இன்று அந்த மருந்தை யாரும் கொடுப்பதில்லை, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு: பென்சிலினுக்கு மசியாத நியூமோகாக்கஸ் (நிமோனியா தரும் ஒரு கிருமி) பற்றி 1977இல் டர்பனிலிருந்து வந்த செய்தி மருத்துவ உலகையே உலுக்கியது.

இனி கையேட்டின் மருந்து ஒப்பீட்டுப் பகுதி. சொல்லின் தேவை அங்கேதான் முழுதாகத் தெரிகிறது. மருந்து பலிக்காமல் போவதற்கு மசியாமை ஒரு காரணம் மட்டுமே. எம்ஆர்எஸ்ஏவுக்குக் கொடுக்கும் வான்கோமைசினை மாத்திரையாக விழுங்கினால் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேராது. அதனால் புண்ணுக்கு இரத்தக்குழாய் வழியாக, மெதுவாக ஏற்றி, சிறுநீரகத்தையும் கவனித்துவர வேண்டும். டாப்டோமைசின் இரத்தத்தில் நன்றாக வேலை செய்யும். நுரையீரலின் உட்பூச்சு அதைச் செயலிழக்க வைத்துவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாது. இரண்டிலும் கிருமி மசியக்கூடியதுதான், மருந்துதான் வேலை செய்யும் நிலையில் போய்ச் சேரவில்லை. இதற்கும் ‘எதிர்ப்பு’ என்றே எழுதியிருக்கும் துண்டறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். லினெசோலிட் வாய்வழி கொடுத்தாலும் கிட்டத்தட்ட முழுதாக இரத்தத்தில் சேரும். வீட்டுக்கு அனுப்ப வசதியானது. ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையலாம். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறு கட்டியாக இருந்தால் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம் என்பதையும் தடித்த எழுத்தில் போடுவோம்.

கிளிண்டாமைசின் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆய்வகத் தட்டில் கிருமியை வளர்த்துச் சோதித்தால், மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும், கிருமி அதற்கு மசிவதுபோலவே தெரியும். பக்கத்தில் எரித்ரோமைசின் வில்லையை வைத்ததும், அந்தப் பக்கம் மட்டும் வட்டம் தட்டையாகி ஆங்கில டி எழுத்துபோல் ஆகிவிடும். உள்ளே ஒளிந்திருந்த குணத்தை அண்டை மருந்து எழுப்பிவிட்டது என்று பொருள். இதற்கு ‘தூண்டு மசியாமை’ என்று போட்டிருக்கிறேன். ‘ஒளி மசியாமை’ என்றும் யோசித்தேன், வெளிச்சம் என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம், ஆய்வக அறிக்கையின் மூன்று எழுத்துகள். எஸ் என்றால் மசியும், ஆர் என்றால் மசியாது. நடுவில் வரும் ஐ-க்கு ‘இடைநிலை’ என்ற சொல் முன்பே இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பியக் குழு 2019இல் அதன் பொருளை மாற்றிவிட்டது. மருந்து அதிக அளவில் கிருமிக்குக் கிடைத்தால் பலிக்கும் என்பதே இப்போது அதன் கருத்து. ‘கூட்டிக் கொடுத்தால் மசியும்’ என்று எழுதிப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்போ டாக்டர்தானே கூட்டணும், நானா கூட்டிக்கக் கூடாதே?” என்று உடனே கேட்டார். அந்த வரியை ‘மருத்துவர் கூட்டிக் கொடுத்தால் மசியும்’ என்று திருத்திவிட்டேன்.

‘தூண்டு மசியாமை’க்கு இதைவிட எளிய சொல் யாருக்காவது தோன்றினால் சனிக்கிழமை வகுப்புக்கு முன் எழுதுங்கள். அன்று படியெடுக்கக் கொடுக்கிறேன்.