டிஸ்லெக்சியா உள்ள மகனின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா என்னும், வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு இருப்பது சென்ற ஆண்டுதான் தெரியவந்தது. பாடத்தை வாசித்துக் காட்டினால் அறிவியல் கேள்விகளுக்கு வாயால் தெளிவாக விடை சொல்லும் பிள்ளை, அதையே தாளில் எழுதும்போது எழுத்துகளை இடம் மாற்றி, பாதித் தேர்வு நேரத்தை முதல் இரண்டு கேள்விகளிலேயே செலவழித்துவிடுகிறான். இத்தனை ஆண்டுகள் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணி அவனை அடித்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. ஆயினும் அவற்றைப் பற்றிப் பள்ளியில் கேட்டபோது, தேர்ச்சி விகிதம் குறையும் என்று கூறி, மாற்றுச் சான்றிதழை (டி.சி.) வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய தமிழாசிரியை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, மணலில் எழுத வைத்துப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார். அந்தத் துணையை அவன் இழக்கக் கூடாது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பெற்றவர்கள் எந்தப் பிரிவை முதலில் அணுகினீர்கள்? பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியர்கள் தனியார் பள்ளி மாணவருக்கும் உதவுகிறார்களா? தலைமையாசிரியர் தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தை அனுப்பத் தயங்கிய நிலையில், முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்துப் பயன் கண்ட பெற்றோர் இருந்தால், மனுவில் என்னென்ன ஆவணங்களை இணைத்தீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.