மத்தியான நிறுவையில் வரிசை: இன்னொரு தராசு வாங்கினால் தீருமா?

மடுவத்துப் பேனா:
இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட டிவிசன். எடுத்த கொழுந்தை நிறுக்கும் மத்தியான நிறுவைக்கு 60 பேர். மடுவத்தில் (நிறுவைக் கொட்டகையில்) ஒரு தராசு, நிறுத்து எழுத ஒரே ஆள். ஒருவருக்கு 45 செக்கன் பிடிக்கிறது. பன்னிரண்டுக்கு எல்லாரும் ஒன்றாக மலையிலிருந்து இறங்குவதால் கடைசி ஆளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி போய்விடுகிறது. வரிசையில் முந்துவதற்காகப் பதினொன்றரைக்கே கொழுந்தெடுப்பை நிறுத்துகிறார்கள். துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) இரண்டாவது தராசு கேட்கலாமா?

ஹட்டன் கணக்கு:
இப்போதைக்கு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரே தராசில் கடைசி ஆள் காத்திருப்பது ஏறக்குறைய 45 நிமிடம், சராசரி 22. எழுத இன்னொரு ஆளும் போட்டு இரண்டு தராசு வைத்தால் சராசரி 11. இருக்கிற தராசிலேயே 20 பேராக மூன்று குழு வந்தால் சராசரி ஏழரைதான். எந்தக் குழுவிலும் கடைசி ஆளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் போகாது. தராசு மெதுவாக இருப்பதைவிட எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதுதான் இங்கே கோளாறு. வரிசைகளை ஆராய்ந்த ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதியும் இதற்குப் பொருந்தும்: வரிசையில் சராசரியாக நிற்பவர் தொகை, வரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கினால் வருவது.

குழுவுக்குக் குழு 15 நிமிட இடைவெளி மட்டும் வைக்காதீர்கள். கழிவு (ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் வெட்டுவது) பற்றி ஒரு வாக்குவாதம் வந்தாலே பின்னால் வரும் குழுக்கள் எல்லாம் சரிந்துவிடும். 20 நிமிடம் வையுங்கள்: 11.40, 12.00, 12.20. சாப்பாட்டு நேரமும் குழுவோடு சேர்ந்து நகரவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது குழு முதல் கிழமையிலேயே சண்டைக்கு வரும், அது நியாயமும்கூட. எந்தக் குழு முதலில் என்பதைக் கிழமைக்குக் கிழமை மாற்றுங்கள்.

தலவாக்கலை ஸ்டோர்:
அந்த 45 செக்கனையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு நேரம் எடுத்தால் போதும்: சாக்கைத் தூக்கி மாட்டுவது, முள் அசைவு நிற்பது, வாசிப்பது, எழுதுவது. பெரும்பாலும் எழுதும்போது தராசு சும்மா தொங்கும். ஒருவர் நிறுத்துச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதட்டும். அதற்குள் அடுத்த சாக்கு கொக்கிக்குக் கீழே வந்திருக்கவேண்டும். 30 செக்கனுக்கு வந்தால் 60 பேரும் அரைமணியில் முடிவார்கள். அவசரத்தில் தராசு முகத்தை எழுதுபவர் பக்கம் மட்டும் திருப்பி வைக்காதீர்கள். கொழுந்தெடுத்தவருக்கும் முள் தெரியவேண்டும்.

பதுளைக்காரி:
இதையெல்லாம் செய்தால் கொழுந்து கூடும் என்று துரையிடம் சொல்லிவிடாதீர்கள். பதினொன்றரைக்கே கொழுந்தெடுப்பை நிறுத்துவது குறைந்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். உளவியலாளர் ஹேர்ஸ்பேர்க் 1959இல் சொன்ன இரு காரணிகளில் (வெறுப்பைத் தடுப்பவை, உற்சாகம் தருபவை) வரிசை முதல் வகை: சரியில்லாவிட்டால் வெறுப்பு, சரியானால் வெறுப்பு இல்லை; உற்சாகம் தானாக வராது. கழிவும் அதே வகைதான். இன்றைக்கு மழைக்கு இத்தனை கிலோ என்று காலையிலேயே பலகையில் எழுதுங்கள், வெறுஞ்சாக்கை எல்லாருக்கும் முன்னால் நிறுத்துக் காட்டுங்கள். வரிசை குறைந்தும் கழிவு ஆளுக்காள் மாறினால் முறைப்பாடு குறையாது.

மடுவத்துப் பேனா:
நன்றி. பின்னேர நிறுவைக்கும் இதே குழு முறைதானா?

ஹட்டன் கணக்கு:
அங்கே லொறி வரும் நேரம்தான் இறுக்கம். லொறிக்கு அரைமணி முன்னால் கடைசிக் குழு முடிகிற மாதிரிப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முதலில் நிறுத்த சாக்குகளை அடுக்கி அமுக்காதீர்கள். காற்றில்லாமல் நடுவில் சூடேறினால் கொழுந்து சிவந்துபோகும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஏற்கமாட்டார்கள்.