காரணம் சொல்லாமல் கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

ஷிஃப்ட்_சிஸ்டர்

தனியார் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஊர் பெயர் வேண்டாம். தலைப்பிரசவத்துப் பெண் ஒருத்திக்கு அனாமலி ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது தெரிந்தது, தலையிலும் நீர் கோத்திருக்கிறது. ரிப்போர்ட் கவர் நேராக வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. அவரும் அவருடைய அம்மாவும் டாக்டர் அறைக்குள் போய் அரை மணி நேரம் பேசினார்கள். அவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த பாலை மூடியில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

உள்ளே எடுத்த முடிவு இது: "அவ தாங்க மாட்டா. துடிப்பு நின்னுபோச்சுன்னு சொல்லிக்கலாம், நீங்க முடிச்சு விட்ருங்க." டாக்டர் முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வருகிறவர், அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பம்.

இப்போது 20 வாரம் தாண்டிவிட்டது. நாளை மறுநாள் அட்மிஷன். கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்குவது என் வேலை. இன்றைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்தவளுக்குப் பழக்கதோஷத்தில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்துவிட்டேன். 148. சத்தம் அவளுக்கும் கேட்டது. "நல்லா ஓடுது இல்ல சிஸ்டர்?" என்றாள். ஃபைலில் எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

நானே சொல்லிவிடலாமா? சொன்னால் வேலை போகும். சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு நானும் மாட்டுவேனா?

இருட்டறை_ரேடியாலஜி

மாட்டுவது இருக்கட்டும் சிஸ்டர், முதலில் அந்தக் கையெழுத்து செல்லுமா என்று பாருங்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும், 24ஐத் தாண்டினால் மெடிக்கல் போர்டு. சம்மதம் அவளுடையது மட்டும். 18 வயது நிரம்பிய பெண் என்றால் வீட்டுக்காரர் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது, நாம்தான் பழக்கத்தில் வாங்கி வைக்கிறோம். இல்லாத காரணத்தைச் சொல்லி வாங்கினால் அது சம்மதம் ஆகாது. 2008ல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவளுடைய அம்மா கொடுத்த சம்மதமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பெற்ற அம்மாவுக்கே அப்படி என்றால் மாமியார் எந்தக் கணக்கில்?

எனக்கு எரிச்சலாக இருப்பது வேறொன்று. ஸ்கேனுக்கு முன்னால் ஃபார்ம் எஃப்பில் "ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை" என்று அவளிடம்தான் கையெழுத்து வாங்குகிறோம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டம் மறைக்கச் சொல்வது அந்த ஒன்றைத்தான். நாம் என்னடா என்றால் அதை ஒழுங்காக மறைத்துவிட்டு, அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய மற்றதையும் சேர்த்து மறைக்கிறோம்.

பி.ஜி_முடித்தவன்

சட்டம் பேசுவது சுலபம் சார். நான் மகப்பேறுப் பிரிவில் இருக்கிறேன். சொன்ன பிறகு அவள் குழந்தை வேண்டும் என்பாள், வீட்டார் வேண்டாம் என்பார்கள், நடுவில் நிற்பது நாங்கள். மருத்துவமனைகளைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் போட்டாகிவிட்டது, ஆனால் கண்ணாடி உடைந்த பிறகுதான் அது எல்லாருக்கும் ஞாபகம் வரும். மெடிக்கல் கவுன்சிலின் 2002 நெறிமுறையிலேயே நோயின் நிலையை நோயாளிக்கோ உறவினருக்கோ தெரியப்படுத்தலாம் என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது. டாக்டர் செய்தது சரி என்று சொல்லவில்லை, ஆனால் அவரை வில்லன் ஆக்காதீர்கள்.

பீரோ_சாவி

நான் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. எனக்கும் முதல் குழந்தைக்கு இதையேதான் சொன்னார்கள், துடிப்பு நின்றுவிட்டது என்று. நான் என்ன தப்புச் செய்தேன், மாடிப்படி ஏறினேனே அதனாலா, பப்பாளி சாப்பிட்டேனா என்று ஒன்றரை வருடம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது முறை ஸ்கேன் எடுத்த டாக்டர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "முதல் குழந்தைக்கும் முதுகுல இப்படித்தான் இருந்துதாம்மா?" என்று கேட்டார். இல்லை சார், அது துடிப்பு நின்னது என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்த பழைய கவரைப் பிரித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த டாக்டர் இப்போது எழுதிக் கொடுத்த அதே வார்த்தை, எழுத்துக்கு எழுத்து.

முன்பே தெரிந்திருந்தால், இந்தக் குறை வரும் வாய்ப்பைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அதிக டோஸில் போட்டிருக்கலாம் என்று அந்த டாக்டர்தான் சொன்னார். யாரும் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று நான் கேட்பேன் இல்லையா. மூன்றாவதுக்கு முன்கூட்டியே போட்டேன், பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். வீட்டுக்காரரோடு குடும்பம் நடத்துகிறேன், ஆனால் அவர் எந்த மருந்துச் சீட்டைக் கொண்டுவந்தாலும் நானே ஒரு தடவை படித்துப் பார்ப்பேன்.

இருட்டறை_ரேடியாலஜி

பீரோ_சாவி மேடம் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. விவரத்துக்காக மட்டும்: ஒரு குழந்தைக்கு இந்தக் குறை வந்தால் அடுத்ததற்கும் வர நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து வரை வாய்ப்பு. சாதாரணமாகக் கொடுப்பது 400 மைக்ரோகிராம், இவர்களுக்கு 5 மில்லிகிராம், அதுவும் கரு உண்டாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கிட்டத்தட்ட இதே அளவு, 4 மில்லிகிராம் வைத்து 1991ல் பிரிட்டனில் இருந்து வந்த ஆய்வில் இந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பொய் சொல்லி அனுப்பினால் இந்த மாத்திரை அவள் கைக்குப் போகாது. பி.ஜி தம்பி, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பி.ஜி_முடித்தவன்

இதற்குப் பதில் இல்லை சார்.

ரிட்டயர்டு_வி.எச்.என்

தங்கச்சி, நீயாக வராந்தாவில் வைத்துச் சொல்லிவிடாதே. சொல்லிவிட்டு அவள் கேட்கும் நாலு கேள்விக்கு உனக்குப் பதில் தெரியாமல் போனால் அதுவும் பாவம். தண்டில் எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும், நடக்கிற பிள்ளைகளும் உண்டு, சக்கர நாற்காலியும் வாழ்நாள் முழுக்க டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிற நிலையும் உண்டு. அதைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி.

இன்றைக்கு ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரைத் தனியாகப் பார். "என்னால் இந்தக் கையெழுத்தை வாங்க முடியாது டாக்டர், நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல். அதட்டினால் அழாதே. கேஸ் ஷீட்டில் இன்றைய தேதியில் துடிப்பு 148 என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதை யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள். அப்புறம், இங்கே எழுதியதில் வாரத்தையும் எண்ணையும் கொஞ்சம் மாற்றிப் போடு, அவள் வீட்டில் யாராவது படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். அப்போது வீட்டில் மறைத்தது பெண் குழந்தை என்பதற்காக. இப்போது பாசத்துக்காக மறைக்கிறார்கள். பெற்றவளை வெளியே உட்கார வைத்துப் பேசுவது மட்டும் மாறவில்லை.

ஷிஃப்ட்_சிஸ்டர்

எண்களை முதலிலேயே மாற்றித்தான் போட்டேன் அக்கா.

டாக்டரிடம் சொன்னேன். கோபப்பட்டார், "எனக்கு நீ எதிக்ஸ் சொல்லித் தர்றியா?" என்றார். நான் ஃபோலிக் ஆசிட் விஷயத்தைக் கேட்டேன், அடுத்த முறைக்கு என்னவென்று எழுதிக் கொடுப்பீர்கள் என்று. பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு, அவளையும் அவள் பிறந்த வீட்டு அம்மாவையும் நாளை நாலு மணிக்கு வரச் சொல் என்றார்.

இன்று அவரே சொன்னார், நிதானமாக, படம் வரைந்து காட்டி. வீட்டுக்காரரும் இருந்தார். அவள் அழவில்லை. குழந்தைக்கு வலிக்குமா என்று கேட்டாள். அப்புறம் வீட்டுக்காரரைப் பார்த்து, "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

இன்னும் முடிவு எடுக்கவில்லை. சனிக்கிழமை அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். அட்மிஷன் தள்ளிப் போயிருக்கிறது, இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. என்னைத் திங்கட்கிழமையில் இருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். இதனால்தானா என்று மேட்ரனிடம் நான் கேட்கவில்லை.